பயணப்பெட்டி கொள்கலன் அல்ல

எமது வியாபாரிகளிடம் பேரம் பேசும் திறமைக்குக் குறைவில்லை. டுபாய் தேராவிலோ, ஹொங்கொங் ஷம் ஷுய் போவிலோ, சென்னை ரிச்சி தெருவிலோ ஒரு கையடக்கத் தொலைபேசியின் விலையில் இரண்டு டொலரைக் குறைப்பதற்காக அரை நாள் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். ஆனால் அப்படிப் பாடுபட்டு வாங்கிய பொருளைப் பொதி செய்ய அவர்கள் ஒதுக்கும் நேரம் எவ்வளவு? ஹோட்டல் அறையைக் காலி செய்வதற்கு முன்னர் கிடைக்கும் கடைசி அரை மணித்தியாலம்தான். மடிக்கணினியைச் சுற்றி இரண்டு சாரம், கமராவுக்கு மேல் ஒரு துவாய், இடைவெளிகளில் பிள்ளைகளுக்கு வாங்கிய சொக்லட். பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து சிப்பை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இலத்திரனியல் பொருட்களோடு நீண்ட காலமாகத் தொழில் செய்பவன் என்ற வகையில், வாங்கும்போது கிடைத்த இலாபம் வழியிலேயே கரைந்துபோவதைப் பல தடவைகள் கண்டிருக்கிறேன். அது திருட்டினால் மட்டும் நடப்பதில்லை. உடைவு, ஈரம், விதி தெரியாமை, பத்திரம் இல்லாமை என்று காரணங்கள் பல. இவற்றில் பெரும்பாலானவை எமது கையிலேயே இருக்கின்றன என்பதுதான் எனது கருத்து. பயணப்பெட்டியை ஒரு சிறிய கொள்கலன் என்று நினைக்கும் மனப்பான்மையை நாம் விடவேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

"பெட்டி தொலைந்தால் விமானக் கம்பனி தரும்தானே" என்று பலரும் சொல்வார்கள். எவ்வளவு தரும் என்று கேட்டால் பதில் இராது.

சர்வதேசப் பயணங்களில் பயணப்பொதிக்கான பொறுப்பை 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் சமவாயம் வரையறுக்கிறது. அது பொருந்தும் பயணங்களில், பொதி தொலைந்தாலோ, சேதமடைந்தாலோ, தாமதித்தாலோ ஒரு பயணிக்குக் கிடைக்கக்கூடிய உச்சத்தொகை 2024 டிசம்பர் 28ஆம் திகதி முதல் 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகளாகும். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. டொலரில் சொன்னால் ஏறக்குறைய இரண்டாயிரம்.

இது ஒரு பெட்டிக்கான தொகை அல்ல, ஒரு பயணிக்கான தொகை. அதிலும் இது உச்சம் மட்டுமே. நட்டத்தை நிரூபித்தால்தான் கிடைக்கும். இரண்டாயிரம் டொலர் என்பது இன்றைய உயர்ரகத் தொலைபேசிகள் இரண்டின் விலை. மூன்றாவது தொலைபேசியைப் பெட்டிக்குள் வைக்கும்போதே அதன் நட்டம் உங்கள் கணக்கில் விழுந்துவிடுகிறது. இதற்கும் மேலாக, பல விமான நிறுவனங்கள் தமது பயண நிபந்தனைகளில் பணம், நகை, கமரா, கணினி போன்றவற்றை ஒப்படைக்கும் பொதியில் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கின்றன. பொருளைக் கேட்டுப் போகும்போது முதலில் நீட்டப்படுவது அந்தப் பக்கம்தான்.

சமவாயத்தில் ஒரு வழியும் உண்டு. பொதியை ஒப்படைக்கும்போதே அதன் பெறுமதியை விசேடமாகப் பிரகடனம் செய்து, கேட்கப்படும் மேலதிகக் கட்டணத்தைச் செலுத்தினால் அந்த உச்சவரம்பு உயரும். கவுண்டரில் இதைக் கேட்கும் வியாபாரியை நான் கண்டது மிகக் குறைவு. எல்லா நிறுவனமும் எல்லாப் பொருளுக்கும் இதற்கு இணங்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கேட்பதற்குக் காசில்லை.

பயணக் காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். பத்திரத்தை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். ஒரு தனிப் பொருளுக்கு ஒரு வரம்பு, வியாபாரச் சரக்குக்கு விலக்கு, கண்காணிப்பின்றி விடப்பட்ட பொருளுக்கு விலக்கு என்பன பெரும்பாலான பத்திரங்களில் உண்டு. வாசித்துவிட்டு வாங்குவதே புத்தி.

கையில் எது, பெட்டியில் எது?

எனது விதி எளிமையானது. தொலைந்தால் தொழில் நின்றுபோகும் எதையும் கையை விட்டு விலக்கக்கூடாது. மடிக்கணினி, தொலைபேசி, கமரா, கணக்குகள் உள்ள ஹார்ட் டிஸ்க் ஆகியவை கைப்பொதியில். மின்னேற்றி, வயர், விசைப்பலகை, ஒலிபெருக்கி போன்று பெறுமதி குறைந்தவையும் உறுதியானவையும் பெட்டியில்.

இதில் விமான நிறுவனங்களின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. பெறுமதியான பொருளைக் கையில் கொண்டுவாருங்கள் என்று சொல்பவர்களே, சாதாரண வகுப்பில் பல இடங்களில் 7 கிலோவுக்கு மேல் கையில் கொண்டுவர விடுவதில்லை. ஒரு மடிக்கணினி, அதன் மின்னேற்றி, ஒரு கமரா, இரண்டு லென்ஸ் வைத்தால் பாதி நிறை போய்விடும். ஆகவே கைப்பையே பாரமில்லாததாக இருக்கவேண்டும். சில்லுப் பூட்டிய சிறிய பெட்டியே இரண்டு மூன்று கிலோ வரும். துணியாலான தோள்பை அதில் பாதியும் வராது. அந்த வித்தியாசத்தில் இன்னொரு மடிக்கணினி போகும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விமானம் நிரம்பியிருந்தால், ஏறும் வாசலில் வைத்தே கைப்பொதியை வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் வாக்குவாதம் பலன் தராது. அதற்காகவே பெரிய கைப்பொதிக்குள் ஒரு சிறிய பையை வைத்து, பெறுமதியானவற்றையும் பற்றரிகளையும் அதற்குள் போட்டுவைக்க வேண்டும். பெரியதைக் கேட்டால் கொடுத்துவிட்டு, சிறியதை இழுத்தெடுத்துக்கொண்டு ஏறிவிடலாம்.

கையில் கொண்டுபோகும் வசதியும் எப்போதும் நிச்சயமானதல்ல. 2017 மார்ச்சில் டுபாய், அபுதாபி, டோஹா, ஜித்தா உள்ளிட்ட விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா செல்லும் விமானங்களில், தொலைபேசியை விடப் பெரிய சாதனங்களைக் கையில் கொண்டுபோக அமெரிக்கா தடை விதித்தது. மடிக்கணினிகள் எல்லாம் பெட்டிக்குள் போயின. அந்தத் தடை அதே ஆண்டு ஜூலைக்குள் இந்த நான்கு விமான நிலையங்களிலும் நீங்கியது. ஆனாலும் பாடம் நீங்கவில்லை. பெட்டிக்குள் போகவேண்டி வந்தாலும் தாங்கும்படி பொதி செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

பொதி செய்வதும் ஒரு தொழில்

துணி ஒரு பாதுகாப்பு என்பது எம்மவரின் பெரிய தவறான நம்பிக்கை. துணி அமுங்கும், அமுங்கியபின் மீளாது. பெட்டியோ பட்டியில் ஓடி, வண்டியில் விழுந்து, விமானத்தின் அடியில் வேறு பெட்டிகளின் பாரத்தைத் தாங்கிக் கிடக்கும். அங்கே தேவைப்படுவது அமுங்கி மீண்டும் நிமிரும் பஞ்சுத்தட்டு, காற்றுக் குமிழ்த்தாள் போன்றவை. பொருளுக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையில் எல்லாப் பக்கமும் குறைந்தது நான்கு விரல் இடைவெளி இருக்க, அந்த இடைவெளி நிரப்பப்பட்டிருக்க வேண்டும். மூடிய பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது அசைந்தால் பொதி முடியவில்லை என்று அர்த்தம்.

உற்பத்தியாளர் தந்த வார்ப்புத் தட்டுக்கு இணையானது வேறொன்றும் இல்லை. எறிந்துவிடாதீர்கள். ஆனால் பெயரும் படமும் அச்சிட்ட அந்தப் பெட்டியை அப்படியே அனுப்பினால், உள்ளே இருப்பதை ஊருக்கெல்லாம் அறிவித்ததாகிவிடும். அதை எழுத்தில்லாத சாதாரண மட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

திரையும் திரையும் முகத்துக்கு முகம் உரசக்கூடாது. நடுவில் கடின மட்டை ஒன்று வையுங்கள். கமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி இரண்டுக்கும் மூடி போடுங்கள். பூட்டியபடி விழுந்தால் உடைவது இரண்டையும் இணைக்கும் வளையம்தான். அச்சு இயந்திரத்திலிருந்து மைக்குடுவையையும் டோனரையும் எடுத்துவிடுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் பாரமான கிராஃபிக்ஸ் அட்டையைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். தனியே வாங்கிய சர்க்கியூட் பலகைகளுக்கும் மெமறி அட்டைகளுக்கும் நிலைமின்னைத் தடுக்கும் பை அவசியம். சாதாரண பொலித்தீன் பையே நிலைமின்னை உண்டாக்கும்.

திரவமும் மின்பொருளும் ஒரே பெட்டியில் இருக்கக்கூடாது. கட்டுநாயக்கவில் ஓர் இளைஞர் தமது பெட்டியைத் திறந்தபோது அருகில் நின்றிருக்கிறேன். பெட்டி முழுவதும் அத்தர் வாசம். கண்ணாடிப் போத்தல் உடைந்து, கடைக்காக அவர் வாங்கிய டெப்லட்டுகளின் பெட்டிகள் ஊறிப்போயிருந்தன. அவரை வாழ்த்தி வரவேற்க வந்தவர்கள் ஒன்றும் பேசாமல் நின்றார்கள். தேன், அத்தர், ஊறுகாய், ஸம்ஸம் எதுவானாலும் வேறு பெட்டிக்குத்தான் போகவேண்டும்.

ஈரம் வேறு வழியாகவும் வரும். குளிர்ந்திருந்த பொருள் எமது நாட்டின் ஈரக்காற்றைச் சந்தித்தவுடன் அதன் மேல் நீர் படியும். அந்த நிலையில் உடனே மின்னை ஏற்றினால் சேதம் வரலாம். வீட்டுக்கு வந்ததும் பொதியிலேயே ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டுவிட்டுத் திறப்பது நல்லது. சிலிக்கா ஜெல் பைகளையும் எறியாமல் சேர்த்துவைத்துப் பயன்படுத்தலாம்.

தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். மத்திய கிழக்கிலிருந்து வருபவர்கள் கயிறு கட்டி அதைக் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய பெட்டிகள் தடித்த கண்ணாடியால் ஆனவை. இன்றைய மெல்லிய திரை நிமிர்த்தி வைக்கப்பட வேண்டியது. கிடத்தி அதன்மேல் பாரம் ஏற்றினால் தாங்காது. கவுண்டரில் "உடையக்கூடியது" என்று ஓர் அட்டையை ஒட்டுவார்கள். கையொப்பம் கேட்டால், அந்தச் சிறு எழுத்தை வாசியுங்கள். சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று நீங்களே எழுதிக் கொடுப்பதாக அது இருக்கக்கூடும்.

பற்றரி விடயத்தில் விளையாட்டு வேண்டாம்

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றியது. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது.

2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயிலிருந்து ஜேர்மனியின் கொலோன் நோக்கிப் புறப்பட்ட ஒரு சரக்கு விமானத்தில் தீப்பிடித்து, அது டுபாய்க்குத் திரும்ப முயன்றபோது விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். லிதியம் பற்றரிகள் இருந்த சரக்கிலிருந்தே தீ தொடங்கியதாக விசாரணை கூறியது. 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த பயணிகள் விமானம் ஒன்று தீக்கிரையானது. எல்லோரும் வெளியேறித் தப்பினர். தலைக்கு மேலுள்ள தட்டில் இருந்த ஒரு பவர் பேங்க் மீதே சந்தேகம் விழுந்தது.

லிதியம் பற்றரி நசுங்கினாலோ, அதன் இரு முனைகளையும் சாவி போன்ற உலோகம் இணைத்தாலோ உள்ளே வெப்பம் ஏறத் தொடங்கும். ஒரு கலத்தின் வெப்பம் அடுத்ததைச் சூடாக்கும். பயணிகள் இருக்கும் இடத்தில் நடந்தால் யாராவது கண்டு தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அடித்தளத்தில் நடந்தால் யாருக்குத் தெரியும்? இதனால்தான் தனியான பற்றரியும் பவர் பேங்கும் பெட்டியில் போகவே கூடாது, கையில்தான் வரவேண்டும் என்ற விதி. பிடித்துக் கழற்றி எறிகிறார்கள் என்று உத்தியோகத்தரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

அளவு கணிப்பது இலகு. மில்லி அம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் மணி கிடைக்கும். 20,000 என்று எழுதிய பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் மணி. 100 வரை பொதுவாக அனுமதி உண்டு. 30,000 என்பது 111. அது 100ஐத் தாண்டுவதால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. 100 முதல் 160 வரையானவற்றில் அனுமதியோடு இரண்டு உதிரிகள்தான். 160க்கு மேல் பயணிக்கு இல்லை. திருமண வீடுகளில் வீடியோ எடுக்கும் சகோதரர்கள் தமது பெரிய பற்றரிகளின் மேல் எழுதியுள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எண் அழிந்துபோன பற்றரியை மறுத்துவிடவும் கூடும்.

உதிரிப் பற்றரியின் முனைகளை டேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். தவிர்க்க முடியாமல் மடிக்கணினி பெட்டிக்குள் போகவேண்டி வந்தால் அதை முற்றாக அணைத்துவிடுங்கள். மூடியை மூடித் தூங்கவிடுவது அணைப்பதாகாது.

விதிகள் மேலும் இறுகி வருகின்றன. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்தில் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல், 100 வாட் மணிக்குட்பட்ட ஒன்றே ஒன்றைக் கொண்டுவரலாம், பயன்படுத்த முடியாது, தலைக்கு மேலுள்ள தட்டிலும் வைக்க முடியாது என்றது. சீனாவில் 2025 ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் 3சீ முத்திரை இல்லாத பவர் பேங்குக்கு இடமில்லை. குவாங்சோவிலிருந்து ஈவூவுக்குப் பறக்கும் எம்மவர் இதை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி.

வியாபாரிகள் கவனிக்கவேண்டிய முக்கியமான விடயம் வேறொன்று. இந்தச் சலுகைகள் எல்லாம் பயணியின் சொந்தப் பாவனைக்கான சாதனங்களுக்கே தரப்பட்டவை. விற்பனைக்காக நாற்பது பற்றரிகளைக் கையில் கொண்டுவருவது, எண்ணிக்கை எப்படியிருந்தாலும், அந்தச் சலுகைக்குள் அடங்காது. அது சரக்கு. சரக்காக அனுப்பும்போதும் தனி லிதியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சரக்கு விமானத்தில்கூட அவற்றை 30 சதவீதத்துக்கு மேல் ஏற்றம் இல்லாமல்தான் அனுப்பவேண்டும். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாத இடம் இது.

பிறர் தரும் பார்சல்

"நானா, இந்தச் சின்னப் பார்சலைக் கொண்டுபோங்களேன், மச்சான் வந்து எடுப்பார்" என்று சொல்லாத ஊர் எது? அமானிதம் என்று வாங்கிக்கொள்கிறோம். ஆனால் உங்கள் பெயரில் ஒட்டிய பெட்டிக்குள் இருப்பதற்கெல்லாம் சட்டத்தின் முன் நீங்களே பொறுப்பு. ஒட்டி மூடிய பார்சலைத் திறந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. திறக்க விடாதவரின் பார்சலை மறுப்பது உறவை முறிப்பதாகாது. வாங்கினால், அதைத் தமது பொருளைப் போலவே பொதி செய்யவேண்டும். அடுத்தவருடையது என்பதால் பெட்டியின் ஓரத்தில் தள்ளுவது அமானிதமல்ல.

சுங்கத்திலும் இதே நேர்மை வேண்டும். வியாபாரத்துக்கான சரக்கைச் சொந்தப் பொருளென்று பச்சை வழியால் கொண்டுபோகப் பார்ப்பவர், ஒரு பயணத்து இலாபத்துக்காகக் கடையின் பெயரைப் பணயம் வைக்கிறார். மறுபுறம், இங்கிருந்து பெறுமதியான கமராவையோ கருவியையோ கொண்டு செல்பவர் புறப்படும்போதே சுங்கத்தில் காட்டிப் பதிந்துகொண்டால் திரும்பும்போது தொல்லையில்லை.

பத்திரம்தான் சாட்சி

பொதி கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் படம் எடுங்கள். தொடரிலக்கத்தை எழுதுங்கள். தொலைபேசியானால் *#06# அழுத்தினால் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் வரும். பற்றுச்சீட்டின் பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள். கணினியிலுள்ள கணக்குகளுக்கு வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். கடனாளிகளின் பட்டியல் தொலைந்தால் எந்தக் காப்புறுதியும் அதை மீட்டுத் தராது.

பெட்டி வராவிட்டாலோ உடைந்து வந்தாலோ விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் முறைப்பாட்டுப் படிவத்தைப் பூர்த்தி செய்து பிரதி வாங்குங்கள். சேதமானால் பெற்ற நாளிலிருந்து 7 நாட்களுக்குள்ளும், தாமதமானால் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். 21 நாட்களாகியும் வராத பொதியைத் தொலைந்ததாகக் கொண்டு உரிமை கோரலாம். வழக்குத் தொடர இரண்டு வருடங்கள். வாய்ச்சொல்லை நம்பி வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் தொலைபேசி எடுப்பவருக்குப் பதில் கிடைப்பதில்லை.

"இருபது தடவை கொண்டுவந்தேன், ஒன்றும் நடக்கவில்லை" என்பார்கள் சிலர். நடக்காத இருபது தடவைகளின் இலாபத்தை இருபத்தோராவது தடவை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதே எனது பதில். "சரக்காக அனுப்பினால் செலவு, தாமதம்" என்பார்கள் வேறு சிலர். அது உண்மைதான். சிறு வியாபாரிக்கு ஒரு தனிச் சரக்குப் பொதி கட்டுப்படியாகாது. ஆனால் ஒரே தெருவில் பத்துக் கடைகள் இருக்கின்றன. பத்துப் பேரும் ஒரே வாரத்தில் வாங்கி, ஒரே முகவர் மூலம், ஒரே காப்புறுதியோடு அனுப்பினால் செலவு பிரிந்துவிடும். விலையில் போட்டியிடும் நாம் பாதுகாப்பில் கூட்டுச்சேர்வதற்கு என்ன தடை?

வர்த்தக சங்கங்கள் இதை முன்னின்று செய்யவேண்டும். பற்றரி விதிகளையும் முறைப்பாட்டு நாட்களையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளில் அச்சிட்டுக் கடைகளில் ஒட்டலாம். இங்கிருந்து பறக்கும் நிறுவனங்களும் தமது நிபந்தனைகளை எமது மொழியில் தரவேண்டும் என்று கேட்கலாம். வாசிக்க முடியாத நிபந்தனைக்குக் கையொப்பம் வாங்குவது நியாயமான வியாபாரமல்ல.

அதுவரை ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாங்கும்போதே கேளுங்கள்: இது கையில் போகுமா, பெட்டியில் போகுமா, சரக்காகப் போகுமா? மூன்றிலும் இடமில்லாத பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை அன்றைக்கு வாங்காமல் விடுவதே இலாபம்.